வீட்டில் சேர்த்த எஞ்சினும் ட்யூனிங் படுத்தும் பாடும்

கணபதி, கோவை:

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றை வீட்டுத் திண்ணையிலேயே வைத்துச் சேர்த்தேன். கிராங்க் கேஸ் ஒரு வண்டியுடையது, ஹெட் வேறொன்றுடையது, சிலிண்டர் பிளாக் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் 50க்கு 50 மி.மீ., 98 சிசி. எங்கள் பக்கம் லேத்துக்குப் பஞ்சமில்லை. சிலிண்டரைக் கடைந்து போர் அடிப்பது, கிராங்க் அலைன்மென்ட் பார்ப்பது எல்லாம் நடக்கிற தூரத்திலேயே முடிந்துவிட்டது. பாடு தொடங்கியது அப்புறம்தான்.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரை குறையே சொல்ல முடியாது. சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காது. பக்கத்தில் நிற்கிறவர், நாம் வேண்டுமென்றே முறுக்குகிறோம் என்று முறைப்பார். கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பி மதியத்துக்குச் சரிசெய்தால் மறுநாள் காலையில் உதைத்து உதைத்துக் கால் போகும். ஊசியின் கிளிப்பை ஒரு காடி மாற்றினால் பாதி ஆக்சிலேட்டரில் திக்கும். பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினால் முழு முறுக்கில் அடைத்துக்கொள்ளும். குறைந்த முறுக்குக்கு பைலட் ஜெட், நடுவுக்கு ஊசி, முழு முறுக்குக்கு மெயின் ஜெட் என்றாலும் மூன்றும் பாகம் பிரித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. ஒன்று விலகும் முன்பே அடுத்தது சேர்ந்துவிடுகிறது. அதனால் எதைத் தொட்டோம், எது மாறியது என்றே பிடிபடாது. பிளக்கைக் கழற்றினால் காபி நிறத்தில் இருக்க வேண்டிய பீங்கான், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது.

“கார்புரேட்டரையே மாத்திப் போடுங்க” என்று சொல்லாத ஆளில்லை. காட்டூரில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் மட்டும் அப்படிச் சொல்லவே இல்லை. “ஏனுங்க தம்பி, காத்து எங்கிருந்து உள்ள வருதுன்னே தெரியாம பெட்ரோலை அளந்து என்ன பண்ணுவீங்க?” என்றார். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, இரண்டு வாயையும் டியூப் ரப்பர் வெட்டி அடைத்தார். மேக்னெட்டை புல்லர் போட்டு எடுத்தார். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாக சைக்கிள் பம்பில் காற்று ஏற்றினார். மீட்டர் 6 பிஎஸ்ஐ வந்ததும் நிறுத்திவிட்டு, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டுத் தடவினார். பிளாக் அடியில் ஒன்றுமில்லை. மேக்னெட் பக்கத்து கிராங்க் சீலைச் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கிற ரப்பர் வளையம்) சுற்றிப் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே ஏறுகிறது. அந்த சீலில் காற்று புகுந்தால் கார்புரேட்டர் எவ்வளவு சரியாக அளந்தாலும் கலவை லீன்தான், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கதையே வேறு: கியர் ஆயிலை உறிஞ்சும், வெள்ளைப் புகை தள்ளும். என் சீல் ‘புதுசு’ என்று கடையில் கொடுத்ததுதான். எத்தனை வருடம் அலமாரியில் கிடந்ததோ, உதடு காய்ந்து விறைத்திருந்தது. மாற்றியதும் அதே கார்புரேட்டர், அதே ஜெட், சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்தக் கடைப் பக்கம் நான் இப்போது போவதில்லை.

பொள்ளாச்சியிலிருந்து:

சீல் நன்றாக இருந்தாலும் மலை ஏறினால் அழ வைக்கும் அண்ணா. ஆழியாரில் அருமையாக ஓடுகிற வண்டி, 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை சேர்வதற்குள் பிளக்கைக் கரியாக்கிவிடும். மேலே காற்று லேசாகிவிடுகிறது, ஜெட் கொடுக்கிற பெட்ரோல் அதற்கேற்பக் குறைவதில்லை. சரி என்று மேலே சின்ன ஜெட் போட்டால், இறங்கும் முன் பழையபடி மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சமவெளியில் லீன் ஆகி, பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். நான் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறவன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வந்தால் பெட்ரோலும் வராது, ஆயிலும் வராது. வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கிக்கொண்டே வருவேன். பின்னால் உட்காருகிற என் மச்சானுக்கு இது வெறும் பந்தா என்று நினைப்பு.

ஈரோட்டிலிருந்து:

பெரியவர்கள் சொல்கிற ஜெட் நம்பரை அப்படியே போட்டு ஏமாறாதீர்கள். அது அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, பழைய ஜெட்டில் ஓட்டினால் தானாகவே லீன் ஆகும். நான் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிய பிறகுதான் பெருந்துறை ரோட்டில் முழு முறுக்கில் போகத் தைரியம் வந்தது. அப்புறம், எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால், கார்புரேட்டர் கிண்ணத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். நான் கண்ணாடி டம்ளரில்தான் பிடிப்பேன். தண்ணீர் பிரிந்திருந்தால் அடியில் கோடு கட்டியது போல் தனியாகத் தெரியும்.