தோட்ட அலுவலகக் கணினிக்கு வயர்லெஸ் மவுஸ் வாங்கலாமா? அம்பு தாவுகிறது, ஒரு சொடுக்கு இரண்டாகிறது

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) கொடுக்கும் தாள்களைப் பார்த்துச் செக்ரோலை, அதாவது தொழிலாளர்களின் வருகை, சம்பளப் பதிவை, கணினியில் ஏற்றுவது என் வேலை. மாதக் கடைசி நெருங்கிவிட்டது. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது மலேசியச் சட்டம். இந்த நேரம் பார்த்து மவுஸ் படுத்துகிறது.

அம்பு சில நேரம் நின்ற இடத்திலிருந்து திரையின் ஓரத்துக்குத் தாவுகிறது. சில நேரம் எவ்வளவு அசைத்தாலும் நகராமல் நின்று, பிறகு தானாகச் சரியாகிறது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறதே, அதுதான் ஆபத்து. நேற்று எக்செலில் ஒரு கட்டத்தின் கீழ் மூலையைப் பிடித்து இரண்டு வரிசை மட்டும் இழுக்கப் போனேன். காலியாக இருந்த கூடுதல் நேரப் பத்தி முழுவதும், கடைசித் தொழிலாளியின் பெயர் வரை, ஒரே எண் நிரம்பிவிட்டது. கண்ணில் பட்டதால் உடனே பழையபடி மாற்றினேன். படாமல் போயிருந்தால் அப்படியே மேனேஜரின் கையெழுத்துக்குப் போயிருக்கும்.

மவுஸ் வயரில் எலி கடித்த தடம் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார். அதைப் பார்த்த அலுவலகத் தம்பி, வயர்லெஸ் வாங்கினால் எல்லாத் தொல்லையும் ஒழிந்துவிடும் என்கிறான். மேனேஜரும் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. சம்பள வாரத்தில் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது? கணினியில் செருகும் அந்தக் குட்டி ரிசீவர் தொலைந்தால்? எடை மேடைச் சாவடியில் உள்ள மடிக்கணினிக்கும் ஒரு மவுஸ் வேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

மேசை பழைய மரமேசை, மேலே கண்ணாடி போட்டது. கணினிப் பெட்டி மேசைக்கு அடியில் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. வேறு விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள்.

பட்டறைக்காரன், ஈப்போ

தங்கச்சி, கண்ணாடியைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லிவிட்டீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

மவுஸின் அடியில் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் சிறு கேமரா ஒன்று இருக்கிறது. நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம் எடுக்கும். அடுத்தடுத்த படங்களில் மேசைப்பரப்பின் சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அம்பை நகர்த்தும். கண்ணாடியில் சொரசொரப்பு ஏது? விளக்கின் ஒளி ஊடுருவிப் போய்விடும். கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. கீழே காலண்டரும் படங்களும் வைத்திருப்பீர்கள், கண்ணாடிக்கும் அவற்றுக்கும் இடைவெளி இருக்கும். அம்பு ஓரிடத்தில் நிற்கும், ஓரிடத்தில் தாவும். வயர்லெஸ்ஸுக்கும் அடியில் இருப்பது இதே கேமராதான்.

வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கண்ணாடியின் மேல் ஒரு பயிற்சிப் புத்தகத்தை வைத்து, அதன் அட்டைமேல் மவுஸை நகர்த்துங்கள். தாவுவது நின்றால் குற்றவாளி கண்ணாடி. அடுத்து, டேப் சுற்றிய இடத்தையும், வயர் மவுஸுக்குள் நுழையும் கழுத்தையும் மெல்ல வளைத்துக்கொண்டே அடியில் இருக்கும் விளக்கைக் கவனியுங்கள். விளக்கு அணைந்து எரிந்தாலோ, யூஎஸ்பி கழற்றி மாட்டும்போது வரும் ஓசை விண்டோஸில் கேட்டாலோ வயர் உள்ளே அறுந்திருக்கிறது. எலி கடித்த இடத்தைவிடக் கழுத்துதான் பெரும்பாலும் முதலில் போகும்.

இரட்டைச் சொடுக்குக்குத் தனிச் சோதனை. விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில், சொடுக்கு வேகம் பார்ப்பதற்கென்று ஒரு கோப்புறைப் படம் இருக்கும். அதை ஒரே ஒருமுறை அழுத்துங்கள். திறக்கக்கூடாது. திறந்தால் இடது பொத்தானின் சுவிட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேமர் தம்பி, சுங்கை சிப்புட்

அக்கா, இவ்வளவு சோதனை எதற்கு? 30, 40 வெள்ளியில் (ரிங்கிட்) நல்ல வயர்லெஸ் கிடைக்கிறது. ஒரு பேட்டரி போட்டால் மாதக்கணக்கில் ஓடுகிறது. வயர்லெஸ்ஸில் அம்பு தாமதமாக நகரும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அதெல்லாம் அந்தக் காலம். நான் விளையாட்டுக்கே வயர்லெஸ்தான் வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரன், ஈப்போ

தாமதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, தம்பி. சாதாரண மவுஸ் கணினிக்கு 8 மில்லி நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது, விளையாட்டு மவுஸ் 1 மில்லி நொடிக்கு ஒருமுறை. செக்ரோல் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தேய்ந்த சுவிட்சுக்கும் கண்ணாடி மேசைக்கும் ரேடியோ அலை மருந்தாகாது.

கணினி டீச்சர், தமிழ்ப்பள்ளி

எங்கள் பள்ளிக் கணினி அறையில் வயர் உள்ள மவுஸ் மட்டும்தான், அதுவும் பட்டுத் தெளிந்த பிறகு. நன்கொடையாக வயர்லெஸ் வந்தது. பிள்ளைகள் பத்திரமாகத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ரிசீவர்கள் கலந்துவிட்டன. ஒரு பிள்ளை தன் மவுஸை அசைத்தால் அடுத்த வரிசையில் இருப்பவளின் திரையில் அம்பு ஓடியது. வகுப்பே சிரித்தது, எனக்குப் பாடம் நடக்கவில்லை.

மலிவு ரகங்களில் ஒரு ரிசீவர் ஒரு மவுஸுக்கு என்று தொழிற்சாலையிலேயே சோடி சேர்த்துவிடுகிறார்கள். ரிசீவர் தொலைந்தால் மவுஸும் குப்பைதான். லாஜிடெக்கின் யூனிஃபையிங் அடையாளம் உள்ளவை வேறு ரகம்: ஒரே ரிசீவரில் 6 கருவிகள் வரை சேர்க்கலாம், தொலைந்தால் ரிசீவரை மட்டும் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அதே நிறுவனம் 2021இல் கொண்டுவந்த போல்ட் ரிசீவர் இதோடு சேராது. வாங்கும்போது அடையாளத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

சகோதரி, உங்கள் மேசையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? நீங்கள் மட்டும் என்றால் ஒரு பதில், பலர் என்றால் வேறு பதில்.

ஓய்வுபெற்ற கண்டக்டர், கோலகங்சார்

அம்மா, மவுஸைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எலியைப் பற்றித் தெரியும். தோட்டக் கண்டக்டராகச் செம்பனைக்குள் காலமெல்லாம் வேலையை மேற்பார்த்தவன். எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்தே ஆக வேண்டும். மவுஸ் வயரை எடுத்துவிட்டால் கீபோர்டு வயர் இருக்கிறது, பிரிண்டர் வயர் இருக்கிறது, கரண்ட் வயரும் இருக்கிறது. மவுஸுக்காவது 5 வோல்ட், கரண்ட் வயரில் கை வைத்தால் என்ன ஆகும்? அலமாரிக்குப் பின்னால் ஓட்டை இருக்கும். இரும்புப் பஞ்சு திணித்துச் சிமெண்டு பூசச் சொல்லுங்கள். விஷம் மட்டும் வைக்க வேண்டாம். அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும். தோட்டத்தில் கூகைக்காகவே பெட்டி கட்டி வைத்திருக்கிறோம், நாமே அதைக் கொல்லலாமா?

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

அண்ணா, நீங்கள் சொன்னதுதான். பயிற்சிப் புத்தக அட்டையில் அம்பு தாவவே இல்லை, நின்றுபோகவும் இல்லை. கண்ணாடிக்கு வந்தால் அதுவும் காலண்டரில் முருகன் படம் இருக்கும் பக்கத்தில் திரும்பவும் ஆட்டம். வயரை எப்படி வளைத்தாலும் விளக்கு அணையவில்லை, ஓசையும் இல்லை. எல்லோரும் எலியைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம். ஆனால் டேப்பைப் பிரித்தபோது ஓரிடத்தில் செம்புக் கம்பி தெரிகிறது.

கோப்புறைச் சோதனையில் ஒருமுறை அழுத்தினாலே திறந்துகொள்கிறது. எப்போதும் இல்லை, ஆனால் அடிக்கடி.

டீச்சர், அலுவலகக் கணினியில் நான், தம்பி, சில நாள் மேனேஜர் என்று மூவரும் உட்காருகிறோம். கண்டக்டர் ஐயா, பின் சுவரில் ஓட்டை இருக்கிறது. கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரன், ஈப்போ

அப்படியானால் மவுஸ் புதிதாக வாங்கத்தான் வேண்டும், சுவிட்சுக்காக. சுவிட்சை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் 20 வெள்ளி மவுஸுக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. செம்பு தெரியும் வயரையும் வைத்திருக்க வேண்டாம்.

அலுவலக மேசைக்கு வயர் உள்ளதையே வாங்குங்கள். உங்கள் கணினிப் பெட்டி இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியக் காரணம். வயர்லெஸ் ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. இரும்புப் பெட்டியின் பின்னால் செருகி, இரும்புக் கதவையும் சாத்தினால் அலை திணறும். இன்னொன்று, நீல நிற யூஎஸ்பி 3.0 துளைகள் வேலை செய்யும்போது அதே 2.4 பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ரிசீவருக்குப் பக்கத்துத் துளையில் பேக்கப் எடுக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகிவிட்டு, புது மவுஸும் கெட்டுவிட்டது என்று கொண்டுவருபவர்கள் உண்டு. சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்தால் பிரச்சினை தீரும். வயரை ஒழிக்க வாங்கிய மவுஸுக்கு வயர் போடுவதா என்று கேட்காதீர்கள், அதுதான் உண்மை.

சம்பளக் கணக்கு இருக்கும் கணினி என்பதால் இதையும் சொல்கிறேன். 2016இல் மவுஸ்ஜாக் என்ற ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பல நிறுவனங்களின் ரிசீவர்கள், அருகில் இருக்கும் வேறொருவர் அனுப்பும் விசை அழுத்தங்களையும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டன. ப்ளூடூத் மவுஸ்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. செம்பனைக்கு நடுவில் யார் வந்து உட்கார்ந்து திருடப் போகிறார்கள் என்பீர்கள். சரிதான். இருந்தாலும் தேவையில்லாமல் ஒரு கதவைத் திறந்து வைப்பானேன்?

கேமர் தம்பி, சுங்கை சிப்புட்

அண்ணா, ஒன்றை நீங்கள் பார்க்கவில்லை. பெட்டி மேசைக்கு அடியில் என்றால் வயர் மேசை விளிம்பில் உரசிக்கொண்டே வரும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் பின்னால் இழுக்கும். அக்காவின் மணிக்கட்டு என்ன ஆகும்? கழுத்தில்தான் வயர் அறுகிறது என்று நீங்களே சொன்னீர்கள். அது இப்படி இழுபட்டுத்தானே?

பட்டறைக்காரன், ஈப்போ

நியாயமான பேச்சு. அதற்கும் அந்த நீட்டிப்பு வயர்தான் வழி. மேசைக்கு மேல் வரை கொண்டுவந்து, விளிம்பில் ஒரு கிளிப் போட்டு, மவுஸ் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் இழுக்காது.

மடிக்கணினிக்கு மட்டும் தம்பி பக்கம்தான் நானும். எடை மேடைச் சாவடியில் இடம் எப்படி இருக்கிறது, தங்கச்சி?

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்

ஜன்னலை ஒட்டி ஒரு முழம் பலகை. அதில் மடிக்கணினி, சீட்டு அச்சடிக்கும் பிரிண்டர், லோரி டிரைவர்கள் நீட்டும் தாள்களைக் குத்தி வைக்கும் கம்பி. யூஎஸ்பி துளைகள் இரண்டுதான். ஒன்று எடைக் கருவிக்கு, ஒன்று பிரிண்டருக்கு. இப்போது மவுஸே இல்லாமல் விரலால் தடவித்தான் ஓட்டுகிறார்கள். செம்பனைக் குலை எண்ணெய்க் கை வேறு.

கணினி டீச்சர், தமிழ்ப்பள்ளி

அங்கே ப்ளூடூத் மவுஸ் வாங்குங்கள். ரிசீவரே கிடையாது, துளையும் வேண்டாம், தொலையவும் ஒன்றுமில்லை. மடிக்கணினியில் ப்ளூடூத் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். மடிக்கணினியில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவும் நாளில் மட்டும் ப்ளூடூத் மவுஸ் கைகொடுக்காது. விண்டோஸ் எழுந்த பிறகுதான் அது பேசும். அன்றைக்கு அலுவலக மவுஸைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே விற்கும் கம்பியில்லாக் கருவிகளுக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும்.

பேட்டரி விஷயம். அல்கலைன் பேட்டரி தீர்ந்த பிறகும் உள்ளேயே கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். தீபாவளி விடுமுறைக்குச் சாவடியைப் பூட்டினால் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரி 1.2 வோல்ட்தான், சில மவுஸ்கள் புதிதாகச் சார்ஜ் செய்ததைப் போட்டாலும் பேட்டரி குறைவு என்று காட்டும். பயப்பட வேண்டாம், ஓடும்.

கேமர் தம்பி, சுங்கை சிப்புட்

கண்ணாடி மேல் ஓடும் மவுஸே இருக்கிறது, அக்கா. லாஜிடெக் 2009லேயே டார்க்ஃபீல்டு என்று கொண்டுவந்தது. கண்ணாடி 4 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் இருந்தால் போதும். விலைதான் கொஞ்சம் கூட.

பட்டறைக்காரன், ஈப்போ

கொஞ்சமா! அந்தக் காசுக்கு அலுவலகத்துக்கு வயர் மவுஸ், மாற்றுக்கு இன்னொன்று, சாவடிக்கு ப்ளூடூத், எல்லாம் வாங்கிவிட்டு மவுஸ் பேடும் வாங்கலாம். ஈப்போ யிக் ஃபூங் வளாகத்துக்கு வந்தால் கடைக்காரரிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கையில் வைத்து அழுத்திப் பார்த்து வாங்குங்கள். உங்கள் கை சிறியதா, பெரியதா என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

செக்ரோல் கிராணி, சுங்கை சிப்புட்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்கு வயர் மவுஸ் இரண்டு, ஒன்று மாற்றுக்கு. நீட்டிப்பு வயர், மவுஸ் பேடு. சாவடிக்கு ப்ளூடூத். சனிக்கிழமை ஈப்போவுக்குப் போகும் லோரியில் அலுவலகத் தம்பி போகிறான். அதுவரை பயிற்சிப் புத்தக அட்டைமேல் ஓட்டுகிறேன். எக்செலில் இழுக்காமல் எண்களைக் கையாலேயே தட்டுகிறேன். கண்ணாடியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மேனேஜரின் பட்டமளிப்புப் படம் அதற்கடியில்தான் இருக்கிறது, கண்ணாடி இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மவுஸை அலுவலகப் பொருள் கணக்கில் எழுதிவிடலாம். மாதாமாதம் பேட்டரி வாங்கினால் அதை எதில் எழுதுவது?

ஓய்வுபெற்ற கண்டக்டர், கோலகங்சார்

எங்கள் காலத்தில் டார்ச் லைட் பேட்டரியை ஸ்டோர் புத்தகத்தில் எழுதுவோம், அம்மா. பழையதைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதியது கிடைக்கும்.

கேமர் தம்பி, சுங்கை சிப்புட்

மாதாமாதம் வேண்டாம், அக்கா. நான் சொன்னேனே, மாதக்கணக்கில் ஓடும்.