கிளைச் சாலையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறப் பயமாக இருக்கிறது, உதவுங்கள்

கேட்டவர்: கார் ஓட்டக் கற்று நான்கு மாதம் ஆகிறது. அச்சிறுபாக்கம் தாண்டி எங்கள் ஊர்ச் சாலை மேடேறி, சென்னை–திண்டிவனம் நான்கு வழிச் சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் சேர்கிறது. சர்வீஸ் ரோடு கிடையாது. திண்டிவனம் போக இடதுபக்கம் திரும்ப வேண்டும். போன வாரம் ஒரு பஸ் கடந்ததும் வண்டியை எடுத்தேன். பஸ்ஸை ஒட்டியே வந்த பைக் மயிரிழையில் தப்பியது. பின்சீட்டில் என் மகள். அன்றிலிருந்து அந்த முனைக்குப் போனாலே கை நடுங்குகிறது.

லாரி ஓட்டுநர்: தங்கச்சி, பெரிய வண்டி கடந்ததும் உடனே எடுக்காதீர்கள். அதன் பின்னால் என்ன வருகிறது என்று தெரியும்வரை நில்லுங்கள். காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூணும் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும்; அதனால் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இடப்பக்கமும் பாருங்கள், ஓரமாக ராங் சைடில் வருகிறவர்கள் உண்டு. இடது இண்டிகேட்டர் போட்டு வருகிறவரையும் நம்ப வேண்டாம், அவர் வேகம் குறைந்து திரும்பினால்தான் உறுதி. மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டே நில்லுங்கள், அவசரமில்லாமல் பார்க்கலாம்.

இன்னொருவர்: 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் கடக்கும். காலியான சாலையில் உங்கள் வண்டி நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு வர எத்தனை நொடி என்று எண்ணுங்கள். அப்புறம் முனையில் நின்று, தூரத்துக் கம்பம் ஒன்றைக் கடக்கும் கார் உங்களிடம் வர எத்தனை நொடி என்று எண்ணுங்கள். இரண்டாவது எண் நன்றாகவே பெரிதாக இருந்தால்தான் இடைவெளி போதும். ஏறியதும் இடது தடத்திலேயே வேகம் பிடியுங்கள்.

கேட்டவர்: எண்ணிப் பார்த்தேன், என் வண்டிக்கு 8 நொடி. அப்படியென்றால் சுமார் 225 மீட்டர்! நான் அதில் பாதி இடைவெளிக்கே வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தால் என்ன செய்வது? சென்னைப் பக்கம் போக வேண்டுமென்றால்?

லாரி ஓட்டுநர்: ஹாரன் அடிக்கிறவருக்கு உங்கள் இடத்திலிருந்து தெரிவது தெரியாது. அடிக்கட்டும், நில்லுங்கள். சென்னைக்கு, பக்கத்து யூ-டர்னில் திரும்பினால் நேராக வேகத் தடத்தில்தான் போய் விழுவீர்கள். கொஞ்சம் தூரமானாலும் அண்டர்பாஸ் வரை போய்த் திரும்புங்கள். முதல் சில நாள் ஞாயிறு காலை 6 மணிக்கு, மகளை விட்டுவிட்டு, ஓட்டத் தெரிந்த ஒருவரோடு போய்ப் பழகுங்கள்.