பேர்ல இருந்து சாதி போச்சு, டீ கிளாஸ்ல இருந்து?

வைகைக்கரை:
1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. போலீஸ் இல்ல, அபராதம் இல்ல. இன்னிக்கு நம்ம பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் திறந்தா இனிஷியலும் பேரும்தான். நாலு பேர் விட்டுட்டா அஞ்சாவது ஆளுக்குக் கூச்சம் வந்துரும். மாற்றம் அப்படித்தான் வரும்; சட்டமெல்லாம் பின்னாடி வர்றது.

கரிசல்காடு:
பட்டத்தை விட்டதுல யாருக்கு என்ன நட்டம்? நிலம் போச்சா? பேர்ல பட்டம் இல்லாதவர்தான் வரன் பார்க்கிறப்ப உட்பிரிவு வரைக்கும் கேக்குறார். "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?"ன்னு கேட்டா போதாதா? விட்ட பட்டமும் காதுகுத்து ஃபிளெக்ஸ்ல திரும்பி வந்தாச்சு.

வைகைக்கரை:
சரி, சுயமரியாதைத் திருமணம்? ஐயர் இல்லாம, தாலிகூட இல்லாம, சட்டம் வர்றதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடியே ஆயிரக்கணக்கானவங்க செஞ்சாங்களே அண்ணே.

கரிசல்காடு:
செஞ்சாங்க. ஐம்பதுகள்ல சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஒரு கல்யாணத்தைச் செல்லாதுன்னு சொல்லிருச்சு. ஊரே வந்து வாழ்த்தின கல்யாணம்தான், ஆனா சொத்து வழக்குன்னு வந்தா நிக்காது. அண்ணா ஆட்சியில 1967ல திருத்தம் கொண்டுவந்து, அதுக்கு முன்னாடி நடந்ததையும் சேர்த்துச் செல்லும்னு ஆக்கினாங்க. அதுக்கப்புறம்தான் அந்தப் பொம்பளைங்களுக்கு நிம்மதி.

வைகைக்கரை:
அப்போ சட்டம் போதும்ங்கிறீங்களா? மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளை மறந்துட்டீங்க. 1996ல ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியாச்சு. பத்து வருசம் தேர்தலே நடக்காது, நடந்தாலும் ஜெயிச்சவர் ராஜினாமா பண்ணிருவார். 2006ல அதிகாரிங்க ஊருக்குள்ள போய் உக்காந்து பேசினப்புறம்தானே நடந்துச்சு?

கரிசல்காடு:
பேசினது மாவட்ட ஆட்சியர். நானும் நீங்களும் போய்ப் பேசியிருந்தா நடந்திருக்குமா?

ஏரிக்கரை வாணி:
ரெண்டு பேருமே எங்க ஊர் டீக்கடைக்கு வாங்க. தாத்தா காலத்துல எங்க தெரு ஆளுங்களுக்குக் கொட்டாங்குச்சியில டீ. அப்பா காலத்துல கூரை ஓரத்துல சொருகி வெச்ச தனி கிளாஸ், குடிச்சிட்டு அவங்களே கழுவி வைக்கணும். வன்கொடுமைச் சட்டம் வந்து, கேஸுன்னு பயம் வந்ததும் அது காணாமப் போச்சு. இப்போ பேப்பர் கப். பெஞ்சுல உக்கார்றவங்களுக்குத் தானா கண்ணாடி கிளாஸ் வரும். எங்க தெருப் பையன் போனா கேக்காமலே கப். "சுத்தமா இருக்கும்ல"ம்பார். இதுக்கு எந்தப் பிரிவுல கேஸ் போடுவீங்க?

நான் ஒருநாள் நேராவே கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல தாயி, மத்தவங்க கடைக்கு வரமாட்டாங்க"ன்னார். வைகைக்கரை, நீங்க சொல்ற அதே கூச்சம்தான். அவரை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்கிறதும் அதுதான்.

வைகைக்கரை:
இதை நான் யோசிக்கல வாணி. ஆனா அந்தப் பெஞ்சுக்காரங்கள்ல ரெண்டு பேர் "எனக்கும் கப்லயே குடு"ன்னா?

கரிசல்காடு:
முப்பது வருசமா அந்த ரெண்டு பேருக்காகத்தான் காத்திருக்கோம்.

ஏரிக்கரை வாணி:
அவரோட தம்பி டவுன் பஸ் ஸ்டாண்டுல கடை வெச்சிருக்கார். எங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேரையும் தெரியும். போன வாரம் போனேன், "எப்ப வந்த தாயி?"ன்னு கேட்டுக்கிட்டே கண்ணாடி கிளாஸ்லதான் குடுத்தார். கடையில எங்க ஊர் ஆளுங்க வேற யாரும் இல்ல.