புதுப்பிப்பு: பொம்மையில் சலிப்படையும் மூன்றரை வயது மகள், கொட்டாங்குச்சி யோசனை பலித்தது

எந்தப் பொம்மை வாங்கினாலும் பத்தே நிமிடத்தில் மகளுக்குச் சலித்துவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "பொருளை மட்டும் கொடுங்கள், எப்படி விளையாடுவது என்று சொல்லாதீர்கள்" என்று ஒரு அக்கா எழுதியதுதான். ஐந்து கொட்டாங்குச்சி, இரண்டு கரண்டி, பழைய டீ வடிகட்டி, ஒரு பேசின் நிறைய மணல், ஒரு சொம்புத் தண்ணீர். இவற்றை முற்றத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கீரை ஆய உட்கார்ந்தேன். இரண்டு நாள் "என்னம்மா செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "உனக்குத் தோணுறதைச் செய்டா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் இட்லிக் கடை திறந்துவிட்டாள், முக்கால் மணி நேரம்! காய்ந்த மணல் சரிகிறது, ஈர மணல் அச்சாக நிற்கிறது, தண்ணீர் கூடினால் இட்லி உடைகிறது. எல்லாம் அவளே கண்டுபிடித்தது. இப்போது அளந்து ஊற்றுகிறாள். அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

விளையாடக் கோதுமை மாவு உருண்டை கொடுக்கலாம் என்று வந்த இன்னொரு யோசனை எங்களுக்கு ஒரு நாளோடு சரி.

எதிர்பாராதவை: கொட்டாங்குச்சி விளிம்பு கையைக் கீறியது. உப்புத்தாளால் தேய்த்தபின் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி ஆசையாகக் குன்றிமணி கொடுத்தார். உடனே எடுத்து வைத்துவிட்டேன். அதில் அப்ரின் என்ற கடும் நஞ்சு உண்டு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையும், தவழும் தம்பி வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவன் தூங்கும்போது மட்டும்தான் புளியங்கொட்டையை வெளியே எடுக்கிறோம்.