அணு மருத்துவ ரேடியோகிராஃபர்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பணிப்பெயர்ப் பட்டியலில் ‘அணு மருத்துவ ரேடியோகிராஃபர்’ இன்னும் நிலுவையில் இருக்கிறது. ரேடியோகிராஃபருக்கு ‘ஊடுகதிர்ப் படமெடுப்பாளர்’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம். முன்னால் ‘அணு மருத்துவ’ சேர்த்துக்கொண்டால் போதுமா?

———

> முன்னால் ‘அணு மருத்துவ’ சேர்த்துக்கொண்டால் போதுமா?

போதாது ஐயா. எக்ஸ்-கதிர் அறையில் கதிர் கருவியிலிருந்து கிளம்பி உடலை ஊடுருவிப் போகிறது. அணு மருத்துவத்தில் படமெடுக்கும் காமா கேமரா எதையும் உமிழ்வதில்லை. ஊசியில் ஏற்றிய மருந்து உறுப்பில் போய்த் தங்கி, அங்கிருந்து வெளிப்படும் கதிரைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. (சிடி இணைந்த கருவிகளில் ஊடுகதிரும் உண்டு, அது துணைக்குத்தான்.)

‘படமெடுப்பாளர்’ என்பதும் இடிக்கிறது. வேலையில் பாதி கேமராவுக்கு வெளியே நடக்கிறது. காலையில் மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டர் என்ற கலத்துக்குள் உப்புக்கரைசல் செலுத்தி, அதிலிருந்து உண்டாகும் டெக்னீசியம்-99எம் என்ற கதிர்ப்பொருளை வடித்தெடுக்க வேண்டும். அதோடு மாலிப்டினம்-99 கசிந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குப்பியைத் தடித்த ஈய உறைக்குள் வைத்து அளந்தால், டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் உறையிலேயே நின்றுவிடும். மாலிப்டினத்தின் 740 மட்டும் வெளியே வரும். அடுத்து நேரக் கணக்கு. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். 11 மணி ஊசிக்கு 740 மெகாபெக்கரல் (கதிரியக்க அளவின் அலகு) தேவை என்றால் 8 மணிக்கு ஏறக்குறைய 1,050 நிரப்ப வேண்டும். 740 மட்டும் நிரப்பி வைத்தால் 11 மணிக்கு 520 சொச்சம்தான் மிஞ்சும்.

———

> வேலையில் பாதி கேமராவுக்கு வெளியே நடக்கிறது

அந்தப் பாதியில் நடக்கும் பிழை மறுபாதியில் தலைகாட்டும். எலும்பு ஸ்கேனுக்கான எம்டிபி என்ற மருந்தின் குப்பிக்குள் காற்று புகுந்தால், டெக்னீசியத்தை மருந்தோடு பிணைய வைக்கும் வெள்ளீய அயனி ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். டெக்னீசியம் மருந்தோடு பிணையாமல் தனித்துத் திரியும். எலும்பு மங்கி, தைராய்டும் இரைப்பையும் தெரியத் தொடங்கும். ஊசி சிரைக்கு வெளியே கசிந்தால் போட்ட இடத்தில் கரும்புள்ளி விழும். சிலசமயம் அதே பக்கத்து அக்குளில் நிணநீர்க்கணுவும் தெரியும், அதைப் புற்றுப் பரவல் என்று எண்ண வாய்ப்புண்டு. உடையில் சிறுநீர் பட்டிருந்தால் இடுப்பெலும்பில் நோய் இருப்பதுபோல் காட்டும். உடையை மாற்றி மறுபடி எடுத்தால் மறைந்துவிடும்.

நோயாளி மேசையை விட்டு இறங்குமுன் இவற்றைக் கண்டுபிடிக்க வேண்டியவர் இவர்தான். ‘கதிர்மருந்துப் படவியலர்’ என்றால் மருந்தும் படமும் இரண்டும் வந்துவிடுகின்றன.

———

‘கதிர்மருந்து’ நல்ல தேர்வு. ‘படவியலர்’ என்றால் அறிக்கை எழுதும் மருத்துவரையும் குறிக்குமே? படத்தைப் படித்து நோய் இன்னதென்று சொல்பவர் வேறு, படம் நம்பத்தக்கதா என்று சொல்பவர் வேறு. ‘படநுட்பர்’ என்று வைக்கலாம்.

கருவியைப் பேணுவதும் அதற்குள் அடங்கும். தினமும் காலையில் கோபால்ட்-57 தட்டை வைத்து, கேமரா எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பதிகிறதா என்று பார்க்கிறார்கள். கேமராவுக்குள் இருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று பிசகினால் தட்டின் படத்தில் வட்டமாக ஒரு வெளிறல் விழும். பார்க்காமல் விட்டால், கேமராவைச் சுற்றவிட்டு எடுக்கும் ஸ்பெக்ட் படங்களில் அது வளையமாகச் சுற்றி வரும். அறைக் குளிர் சட்டென்று ஏறி இறங்கினால், கதிரை வாங்கி ஒளியாக மாற்றும் சோடியம் அயோடைடு படிகம் விரிசல் விடலாம். நோயாளியின் உடலுக்கும் கோலிமேட்டருக்கும் (கேமராவின் முன்னால் உள்ள துளைகள் கொண்ட ஈயத் தட்டு) இடைவெளி கூடக் கூடப் படத்தின் கூர்மை குறையும் என்பதால், உடலில் இடிக்காமல் முடிந்தமட்டும் நெருக்கி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் ‘எடுப்பாளர்’ தாங்காது.

———

‘கதிர்மருந்துப் படநுட்பர்’ என்று பட்டியலில் ஏற்றுகிறேன். துறைப்பெயர் ‘அணு மருத்துவம்’ அப்படியே இருக்கட்டும். மருந்து கலக்கும் ‘ஹாட் லேப்’புக்குத் தனி இழை தொடங்குங்கள். ‘சூடான ஆய்வகம்’ மட்டும் வேண்டாம். அடுப்பு எரிகிறது என்று நினைத்துவிடுவார்கள்.