குழு அமர்வுகளில் தாள்களைப் பயன்படுத்துவது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கான குழு ஒன்றை வாரந்தோறும் நடத்தி வருகிறேன். உரையாடலுக்கு வழிகாட்ட ஒரு பக்கத் தாள்களைக் கொடுப்பது குறித்து உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

குடிப்பதால் கிடைப்பது, இழப்பது, நிறுத்தினால் கிடைப்பது, இழப்பது என நான்கு கட்டங்களாகப் பிரித்த தாளில் மூன்று கட்டங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. நிறுத்தினால் எதை இழப்போம் என்ற கட்டத்தில்தான் பலருடைய பேனா நின்றுவிடுகிறது. நண்பர் வட்டம், தூக்கம், மாலை நேரத் தனிமை என உண்மையில் பேசித் தீர்க்க வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன என்பது என் கருத்து. ஆனால், எழுதியதை வரிசையாக வாசிக்கச் சொன்னால், முதலாமவர் சொன்னதையே அடுத்தவரும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இன்னொரு தயக்கமும் உண்டு. இன்னும் முடிவெடுக்காத ஒருவரிடம் இரு பக்கங்களையும் சமமாக அலசச் சொல்வது, மாற வேண்டும் என்ற அவருடைய உறுதியைக் குறைக்கக்கூடும் என்று உளவியலாளர்களான மில்லரும் ரோஸும் 2015இல் எச்சரித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவரும், குடியை நிறுத்திப் பல மாதங்கள் ஆனவரும் அருகருகே அமரும் குழுவில் ஒரே தாளைக் கொடுக்கலாமா?

தாளைத் தொடக்கத்திலேயே கொடுக்கிறீர்களா, பேச்சு சூடுபிடித்த பிறகா? எழுதப் படிக்கச் சிரமப்படுபவர் கூச்சமடையாதபடி எப்படி நடத்துகிறீர்கள்? வீட்டார் கண்ணில் படக்கூடும் என்பதால், நிரப்பிய தாள்களை அங்கேயே கிழித்துவிடச் சொல்கிறீர்களா? உங்கள் குழுவில் உண்மையிலேயே பேச்சைத் திறந்துவிட்ட ஒரு கேள்வி இருந்தால், அதை அப்படியே எழுதி உதவுங்கள்.