31.5 கோடி டாலர் செலவு, 70 டாலர் விலை: கணக்கு எங்கே இடிக்கிறது?

இரவாடி:
2023 டிசம்பரில் சோனிக்குச் சொந்தமான இன்சோம்னியாக் என்ற கேம் ஸ்டுடியோவின் கோப்புகள் ஹேக் ஆகி வெளியே வந்ததே, அதில் ஸ்பைடர்மேன் 2 கேமுக்குச் சுமார் 31.5 கோடி டாலர் செலவு என்று இருந்தது. விலை 70 டாலர். வகுத்தால் 45 லட்சம் பிரதியிலேயே போட்ட பணம் வந்துவிட வேண்டும். ஆனால் முழு விலையில் 72 லட்சம் பிரதி விற்றால்தான் அசல் தேறும் என்று அதே கோப்புகளில் இருக்கிறது. மிச்சக் காசு யாருக்குப் போகிறது?

குறுக்குக்கணக்கு:
நாம் கொடுக்கும் 70 டாலரும் தயாரித்தவர் கைக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டதில்தான் சிக்கல். 31.5 கோடியை 72 லட்சத்தால் வகுங்கள், பிரதிக்கு 44 டாலர்கூட முழுசாக வராது. டிஸ்க் என்றால் கடைக்காரர் லாபம், அச்சு, பெட்டி, போக்குவரத்து. டிஜிட்டல் என்றால் தளத்தின் பங்கு வழக்கமாக 30 சதவீதம். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2018 முதல் ஒரு கேமின் வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் 25, 5 கோடியைத் தாண்டினால் 20 என்று குறைத்துக்கொள்கிறது, அதாவது ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவனுக்குத்தான் சலுகை. ஸ்பைடர்மேனில் பிளேஸ்டேஷன் கடை சோனியுடையதே என்பதால் அந்தப் பங்கு வீட்டுக்குள்ளேயே நிற்கும், ஆனால் ஸ்பைடர்மேன் பாத்திரத்துக்காக மார்வெலுக்கு ராயல்டி அழ வேண்டும்.

பழைய கன்சோல்:
பரிதாபப்பட வேண்டாம், 2024 பிப்ரவரிக்குள் ஸ்பைடர்மேன் 2 1 கோடி பிரதியைத் தாண்டிவிட்டது.

மாதச்சம்பளம்:
செலவு ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லையே. பெரும்பகுதி சம்பளம்தான். 2023இல் மைக்ரோசாப்ட் மீதான வழக்கில் சோனி கொடுத்த ஆவணத்தில் தொகைகளை மார்க்கரால் கறுப்படித்திருந்தார்கள், ஸ்கேன் செய்ததும் எழுத்து பளிச்சென்று தெரிந்துவிட்டது! சோனியின் ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் கேமுக்கு 21.2 கோடி டாலர், 5 வருடம், 300 பேர். தலைக்கு மாதம் ஏறக்குறைய 12,000 டாலர் ஆகிறது. 300 என்பது வேலை மும்முரமாக நடந்த காலத்து எண்ணிக்கை என்பதால் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வெளியீடு 6 மாதம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். ஒரு பிரதிகூட விற்காத காலத்தில் சம்பளம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

இரவாடி:
சரி, புரிகிறது. அப்புறம் பாதி விலையில் விற்பதெல்லாம் நஷ்டக் கணக்கா?

குறுக்குக்கணக்கு:
இல்லை. கேம் முடிந்துவிட்டது, இன்னொரு பிரதி டவுன்லோடு ஆக அநேகமாகச் செலவே கிடையாது, 35 டாலரில் வருவதும் வரவுதான். அசல் தேற அதிகப் பிரதி வேண்டும், அவ்வளவே. ஆனால் 5 வருடம் முடங்கிய பணத்துக்கு அசல் மட்டும் திரும்பினால் எந்த முதலாளியும் ஏற்க மாட்டார். 2013 டூம்ப் ரைடர் ஒரு மாதத்துக்குள் 34 லட்சம் விற்றும் அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் எதிர்பார்த்தது வரவில்லை என்றது. சைபர்பங்க் 2077 நேர்மாறு. அதன் தயாரிப்பு, விளம்பரச் செலவை டிஜிட்டல் முன்பதிவே ஈடுகட்டிவிட்டது என்று தயாரித்த சிடி ப்ராஜெக்ட் அறிவித்தது, அதற்கப்புறம்தான் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்ட ரீஃபண்டு ரகளை.

பழைய கன்சோல்:
தள்ளுபடியில் விற்கவும் கேம் உயிரோடு இருக்க வேண்டுமே. சோனியின் ஆன்லைன் கேம் கான்கார்டு 2024 ஆகஸ்டில் வந்தது, இரண்டே வாரத்தில் சர்வரை மூடி வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆன்லைன் கேம்களுக்கு இந்தக் கணக்கைப் போடவே முடியாது, அதற்குத் தனி இழை போடுங்கள்.